கஞ்சித்தொட்டியா, ஊர் வைத்தியரா?

எங்கள் ஆயா கடைசிவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று சொன்னதே இல்லை. "கஞ்சித்தொட்டிக்குப் போயி மாத்திர வாங்கினு வரேன்" என்றுதான் கிளம்புவார். 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தோடு, 1799 வாக்கில் ஆஸ்பத்திரியும் சேர்ந்தது. அந்தக் கஞ்சியின் பெயர்தான் இன்றும் வடசென்னை வாயில் நிற்கிறது.

சரி, 1870 என்று வைத்துக்கொள்வோம். எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார். எங்கே போவது?

முதல் வழி, கால்வாயில் படகு. 1806இல் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி வெட்டிய கால்வாய் எண்ணூரையும் பட்டணத்தையும் சேர்த்தது. சுமார் 11 மைல். உப்பும் விறகும் ஏற்றிவந்த படகுகளைக் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள், அல்லது கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஆள் நடக்கிற வேகம்தான் படகின் வேகம். மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து நோயாளியைக் கிடத்தினால், பட்டணம் வந்து சேர அரை நாள் ஆகிவிடும். படகுக்கூலி ஒரு பக்கம். கூட வருகிறவருக்கு அன்றைய வேலை போச்சு. இரண்டாவது வழி, தெருக்கோடியில் இருக்கும் வைத்தியரும் மருத்துவச்சியும்.

எல்லா நோய்க்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கடலுக்குப் போனவர் இரவுக்குள் வற்றிப்போய் இறந்துவிடும் நோய் அது. அரை நாள் படகில் கிடந்து ஆஸ்பத்திரி சேர்ந்தாலும் அங்கே என்ன கிடைத்திருக்கும்? அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கில மருத்துவம் காலராவுக்குக் கொடுத்தது பாதரச உப்பான கலோமலும் அபினும்தான். ரத்தத்தைக் குத்தி வடித்ததும் உண்டு. தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று தடுத்த டாக்டர்களும் இருந்தார்கள். 1832இலேயே ஸ்காட்லாந்தில் டாக்டர் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்கவைத்தார். அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது. வீட்டில் ஒருத்தி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை மடக்கு மடக்காக விடாமல் ஊற்றியிருந்தால், அவள் கையில்தான் நல்ல மருந்து இருந்தது. அரிசிக்கஞ்சியும் உப்பும் வயிற்றுப்போக்குக்கு ஈடு கொடுக்கும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் நூறு வருஷம் ஆனது.

பிரசவத்திலும் என் ஓட்டு மருத்துவச்சிக்கே. எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கிருமி ஒழிப்பு முறையை அறுவை டாக்டர் லிஸ்டர் எழுதியதே 1867இல். அதற்கு முன் உலகம் முழுக்கப் பிரசவ வார்டுகளில் டாக்டரின் கையிலிருந்தே பிரசவ ஜன்னிக் காய்ச்சல் தாய்க்குத் தாய் பரவியது. சுகப்பிரசவத்துக்குத் தெரிந்த கையும் சொந்தத் திண்ணையும் மேல். குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் மட்டும் மருத்துவச்சியிடம் பதில் கிடையாது. அந்த நிலையில் படகு ஏற்றினாலும் நேரம் போதாது.

எலும்பு முறிவுக்கு யோசிக்கவே வேண்டாம், கட்டுதான். ஆயா வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியபோது எங்கள் பக்கத்துப் புத்தூர்க் கட்டுக் கடைக்குத்தான் போனார். முட்டை வெள்ளையில் துணியை நனைத்துச் சுற்றி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கினார்கள். காய்ந்ததும் பலகை மாதிரி நின்றது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் கதை வேறு. அப்போது கட்டு போதாது, கத்திதான் வேண்டும்.

கண்புரை மாதிரி பொறுத்துப் போகும் நோய்க்கு ஆஸ்பத்திரியே சரி. இன்று எழும்பூரில் இருக்கும் கண் ஆஸ்பத்திரி 1819இலேயே தொடங்கிவிட்டது. ஒரு வாரம் தள்ளிப் படகு பிடித்தாலும் நஷ்டமில்லை. ஊரில் ஊசியால் புரையைக் குத்தித் தள்ளுகிறவர்களிடம் கண்ணைக் கொடுப்பது பெரிய சூதாட்டம்.

பெரியம்மைக்கு இந்த இரண்டு வழியும் உதவாது. அங்கே ஜெயித்தவர் மூன்றாவது ஆள்: அம்மை குத்துகிறவர். 1802இல் சென்னைக்கு வந்த தடுப்பு மருந்தான அம்மைப்பால், வெயிலில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். அதனால் ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். யார் வீட்டுக் குழந்தையின் நீரோ என்று சாதி பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. மாரியாத்தா கோபிப்பாள் என்று பயந்தவர்களும் உண்டு. வேப்பிலையும் தனி அறையும் நோயாளிக்கு ஆறுதல் தந்தன, ஆனால் அம்மை வராமல் தடுத்தது அந்த ஊசி ஒன்றுதான். அதற்காக யாரும் படகு ஏற வேண்டியிருக்கவில்லை. குத்துகிறவர் குப்பத்துக்கே நடந்து வந்தார்.