டெக்ஸ்ட்ரானா, பாலிஎத்திலீனிமைனா: காந்த நானோ துகளுக்கு எந்தப் பூச்சு?

செல்களைப் பின்தொடரவோ அவற்றுக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லவோ பயன்படும் காந்த நானோ துகள்களுக்கு டெக்ஸ்ட்ரான், பாலிஎத்திலீனிமைன் என்ற இரு பாலிமர்களில் ஒன்றைப் பூசலாம். இரண்டிலும் உள்ளே இருப்பது இரும்பு ஆக்சைடுதான் என்றாலும், ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனுள்ள செல் சவ்வு முதலில் எதிர்கொள்வது துகளின் மேற்பூச்சையே. சர்க்கரைப் பாலிமரான டெக்ஸ்ட்ரான் பூசிய துகள் சவ்வில் அதிகம் ஒட்டுவதில்லை. அந்நியப் பொருள்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் அதைத் தாமாகவே விழுங்கிவிடும், ஆனால் ஸ்டெம் செல்களுக்குள் போதிய அளவு செலுத்த நேர்மின்னூட்டமுள்ள புரதமருந்தான புரோட்டமின் சல்பேட்டைத் துணைக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பாலிஎத்திலீனிமைன் பூச்சுக்கு அந்தத் துணைப்பொருள் தேவையில்லை. அதன் நேர்மின்னூட்டம் சவ்வின் எதிர்மின்னூட்டப் புறப்பரப்பை நேரடியாகப் பற்றுகிறது; செல் வளர்ப்புத் தட்டின் அடியில் காந்தத்தை வைத்தால், மரபணுவைச் சுமந்த துகள்களைச் செல்களின்மீது விரைவாக இறக்கவும் முடிகிறது. ஆனால் செலுத்தும் அளவு கூடினால் சவ்வு சிதைந்து, செல்லுக்குள் இருக்க வேண்டிய லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் நொதி வெளியே கசிகிறது; சீரத்தின் (இரத்தத்தின் திரவப் பகுதி) புரதங்கள் துகளின்மீது படிந்தாலோ பற்றும் திறனே மங்குகிறது (ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றி இரத்தத்தில் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான்). செல்லை உயிரோடு நெடுநாள் பின்தொடர வேண்டுமெனில், நான் டெக்ஸ்ட்ரானையே தேர்ந்தெடுப்பேன்.