மோட்டார்ஹோம் பேட்டரிக்கு 1,010 பவுண்டு செலவழித்தேன். பழுது இருந்தது ஒரு ஃபியூஸ் ஹோல்டரில்

இங்கிலாந்தில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டி) வைத்திருப்பவர்களும் இனி வாங்க எண்ணியிருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் வண்டியின் லெஷர் பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு. இது உள்ளே விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஆகியவற்றுக்கு மின்சாரம் தரும் பேட்டரி. இதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு பட்டறையில் ஐந்து மாதங்களில் 1,010 பவுண்டு கொடுத்தேன். அவ்வளவு கொடுத்தும் பழுது போகவில்லை. பிறகு வந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் முக்கால் மணி நேரத்தில் உண்மையான பழுதைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக் காட்டினார். பட்டறையின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். அந்த முறையை நீங்கள் எந்தப் பட்டறையில் கண்டாலும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கள் வண்டி 2014-இல் பதிவானது. நூறு ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு பேட்டரிகள், டீசலில் எரியும் ஹீட்டர், சோலார் பலகை கிடையாது. ஆகவே லெஷர் பேட்டரிக்கு மின்சாரம் இரண்டே வழிகளில் வரும்: ஓடும்போது எஞ்சின் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து, முகாமில் நிற்கும்போது 230 வோல்ட் இணைப்பில் மாட்டிய சார்ஜரிலிருந்து. ஏப்ரல் மாதம், ஈஸ்டர் விடுமுறையில், லேக் டிஸ்ட்ரிக்டில் கானிஸ்டன் ஏரிக்குப் பக்கத்தில் மின் இணைப்பு இல்லாத ஒரு பண்ணை வயலில் தங்கினோம். ஐந்து மணி நேரம் ஓட்டி வந்திருந்தோம். சுவரில் உள்ள, பேட்டரியின் அளவைக் காட்டும் பலகை, அது நிறைந்திருப்பதாகக் காட்டியது. இரண்டாம் நாள் இரவே விளக்குகள் மங்கி, ஹீட்டர் பிழைக் குறியீடு காட்டி நின்றுவிட்டது.

மே மாதம் பட்டறைக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் நான் சொன்னதை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, பேட்டரி போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். பேட்டரிகளுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது என்று சொன்னபோது, லெஷர் பேட்டரிகள் அப்படித்தான் என்று பதில் வந்தது. புதிய ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஈய-அமில வகை) பேட்டரிகள் இரண்டுக்கு 390 பவுண்டு, கூலி 120 பவுண்டு. ரசீதில் "பேட்டரி பழுது, மாற்றப்பட்டது" என்ற ஒரே வரி. எத்தனை வோல்ட் இருந்தது, சுமை கொடுத்துச் சோதித்தார்களா என்று எதுவும் இல்லை. அன்று அதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. இன்று எனக்குத் தெரியும்: ரசீதில் ஓர் அளவுகூட இல்லை என்றால், யாரும் எதையும் அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதப் பயணத்திலும் அதே கதை. ஜூலையில் திரும்பப் போனேன். இம்முறை சார்ஜர் போய்விட்டது என்றார்கள். 340 பவுண்டுக்குப் புதிய சார்ஜர், கூலி 160 பவுண்டு. ஆனால் சார்ஜர் பழுது என்றால் சாலையில் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏறியிருக்க வேண்டுமே என்ற கேள்வி எனக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் வரும் மின்சாரமும் பேட்டரியைச் சேரவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் முதலில் தேட வேண்டும். பல மோட்டார்ஹோம்களில் சார்ஜரும் ஆல்டர்னேட்டரின் கம்பியும் ஒரே விநியோகப் பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே தடித்த கம்பி, ஒரே பெரிய ஃபியூஸ் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகின்றன. இந்தத் துறையில் தினமும் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

செப்டம்பர் கடைசியில் மதுரையிலிருந்து என் அம்மா வந்திருந்தார். வேல்ஸில் பாலா ஏரிக்கரைக்கு அழைத்துப் போனோம். அதிகாலை மூன்று மணிக்கு வெளியே ஆறு டிகிரி. ஹீட்டர் மூன்று முறை எரியத் தொடங்கி மூன்று முறையும் நின்றது. இரண்டு போர்வைகளுக்குள்ளிருந்து அம்மா, "ஏப்பா, கை மரத்துப்போச்சு, அந்த ஹீட்டர் ஓடுதா இல்லையா?" என்று கேட்டபோது எனக்கு வந்த ஆற்றாமையைச் சொல்லி மாளாது. எழுபத்தொரு வயதில், நான் அழைத்தேன் என்பதற்காகவே அந்தக் குளிரில் வந்து படுத்திருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, அதன் வெப்பத்தில் விடியும் வரை அவரை முன் இருக்கையில் உட்கார வைத்தேன்.

அடுத்த வாரம் பட்டறையில் சொன்ன மூன்றாவது காரணம்தான் என்னை விழிக்க வைத்தது. உங்களுடையது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், அதற்கு பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர் (எஞ்சின் பக்கத்து வோல்டேஜை உயர்த்தி லெஷர் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) போட்டே தீர வேண்டும், 560 பவுண்டு ஆகும் என்றார்கள். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்குப் பிறகு வந்த பல வேன்களில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கணினி ஏற்றி இறக்கும். சில நேரங்களில் 12.5 வோல்ட் வரைக்கும் இறங்கிவிடும். அந்த வோல்டேஜில் லெஷர் பேட்டரி நிறையாது, அந்த வண்டிகளுக்கு அப்படியொரு சார்ஜர் தேவைதான். ஆனால் எங்கள் வண்டி யூரோ 5. வண்டி பதிவான ஆண்டைப் பார்த்திருந்தாலே இதை ஊகித்திருக்கலாம். மற்ற வண்டிகளைப் பற்றிய உண்மையை எடுத்து என் வண்டியின் மேல் பொருத்திப் பணம் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே விசாரித்துக் கண்டுபிடித்திருப்பேன்.

அந்தப் பணத்தைக் கட்டாமல், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்தேன். அவர் வண்டிக்குள் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது சார்ஜ் செய்தீர்கள் என்பது. முந்தின நாள் இரவு முழுவதும் இணைப்பில் இருந்தது, காலையில் கழற்றி நான்கு மணி நேரம் ஆகிறது என்றேன். பேட்டரி முனைகளில் நேரடியாக மல்டிமீட்டரை வைத்தார்: 12.3 வோல்ட். ஈய-அமில பேட்டரி முழுதாக நிறைந்து, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.7 அல்லது 12.8 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சார்ஜ் ஏறும்போதோ ஏறி முடிந்த உடனேயோ அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும் என்பதையும் அவரே விளக்கினார்.

எஞ்சினைக் கிளப்பி, எஞ்சின் பேட்டரியில் அளந்தார்: 14.2, பதினைந்து நிமிடம் கழித்தும் அதே 14.2. ஆல்டர்னேட்டர் சாதாரணமானது, நன்றாகவும் இருக்கிறது என்றார். பிறகு எஞ்சினை நிறுத்தி, சார்ஜரை 230 வோல்ட் இணைப்பில் போட்டு, பேட்டரிக்குள் ஒன்பது ஆம்பியர் போய்க்கொண்டிருந்தபோது விநியோகப் பெட்டியில் அளந்தார்: 14.3. நடுவில் ஒரே கம்பிதான், ஆனால் பேட்டரி முனையில் 13.0. அந்த ஓட்டத்தில் 0.3 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது, எங்களுடையதில் 1.3 குறைந்திருந்தது. கம்பியைத் தொடர்ந்து போய், கட்டிலுக்கு அடியில், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி இருந்த ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் மீட்டரின் முனைகளை வைத்தார். அங்கே மட்டும் 1.1 வோல்ட். சில பத்து மில்லிவோல்ட் இருக்க வேண்டிய இடம் அது.

மூடியைத் திறந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் தேநீர்க் கறைபோல் பழுத்து, ஓரம் உருகி வளைந்திருந்தது. திருகைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது. ஃபியூஸ் எரியவில்லை; அதனால்தான் மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். விரலை வைத்தேன், சுட்டது. ஒன்பது ஆம்பியர் ஓட்டத்தில் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் பத்து வாட் வெப்பம். அந்தக் கட்டிலில்தான் எங்கள் இரண்டு பிள்ளைகளும் படுப்பார்கள். இரண்டு முறை அந்த வண்டியைப் பிரித்தவர்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டியபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இதைத் திறந்து பார்க்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு இதுதான் பெரிய குறை.

எல்லாம் அதன் பிறகு விளங்கியது. சார்ஜர் தன் வாயிலில் 14.3-ஐப் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று கணித்துச் சில மணி நேரத்தில் தாழ்நிலைக்கு மாறிவிடும். பேட்டரிக்கு அரைகுறையாகவே ஏறியிருக்கும். சுவர்ப் பலகை விநியோகப் பெட்டியில் அளப்பதால் அதுவும் நிறைந்ததாகவே காட்டும். ஹீட்டர் பற்றவைக்கும்போது பத்து ஆம்பியர் இழுத்தால், அதே ஹோல்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கி, ஹீட்டருக்குப் போதாத வோல்டேஜைத்தான் விடும். போதாக்குறைக்கு, பாதி சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் பேட்டரி உண்மையாகவே கெட்டுப்போகும். புதிய பேட்டரிகளின் ஆயுளையும் அந்தக் கோடை கொஞ்சம் தின்றிருக்கும். புதிய ஹோல்டரும் கம்பி முனையும் 14 பவுண்டு, அவருடைய கூலி 75 பவுண்டு. மறுநாள் காலையில் 12.7 இருந்தது. அன்று இரவு முழுவதும் ஹீட்டரை ஓடவிட்டு, விடிந்ததும் அளந்தேன்: 12.4.

பட்டறைக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன், எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த அளவுகளையும் படங்களையும் இணைத்து. பிரிட்டனின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், 2015, எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் மீண்டும் செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். அவர்கள் மறுத்துவிட்டார்கள். நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தது கைகொடுத்தது. நுகர்வோர் கடன் சட்டம், 1974-இன் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றுக்கு விற்றவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே பட்டறைச் செலவை, முடிந்தவரை, கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.

ஏழு வாரம் கழித்து, சார்ஜருக்கும் இரண்டு முறைக் கூலிக்குமாக 620 பவுண்டு திரும்பி வந்தது. பேட்டரிகளின் 390 பவுண்டு வரவில்லை. பழைய பேட்டரிகள் நல்லவை என்பதற்குக் கார்டு நிறுவனம் ஆதாரம் கேட்டது. மே மாதம் கழற்றியபோது, நாங்களே மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுகிறோம் என்று பட்டறையில் சொன்னதும், சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். வேறு எங்காவது எடுத்துப்போய் முழுதாகச் சார்ஜ் செய்து, சுமை கொடுத்துச் சோதித்து ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால் அந்தப் பணமும் வந்திருக்கும். கழற்றிய உதிரி பொதுவாக உங்களுடையதுதான். புகார் தீரும்வரை அதைக் கையை விட்டு விடாதீர்கள்.