ஃபின்னிஷ் வேற்றுமை: டேபிளா, தமிழா, ரெண்டே ஃபார்மா?

ஃபின்னிஷ்ல 15 வேற்றுமைன்னு கேட்டதும் பாதிப் பேர் புக்கை மூடிடுவாங்க, நமக்கு ஸ்கூல்ல படிச்ச எட்டே போதும் போதும்னு ஆச்சுல்ல. இதைப் பிடிக்க மூணு ரூட் இருக்கு.

முதல்ல டேபிள் மனப்பாடம். தலொ (வீடு), தலொன் (வீட்டோட), தலொஸ்ஸ (வீட்டுக்குள்ள), தலொஸ்த (வீட்டுக்குள்ளேர்ந்து), தலோன் (வீட்டுக்குள்ள போறப்போ)... ஒப்பிச்சுடலாம், தலொன் தலோன் வித்தியாசம்கூட குறில் நெடில் தெரிஞ்ச நம்ம காதுக்குச் சுலபம். ஆனா தலொ ரொம்ப சாது, எதை ஒட்டினாலும் உடம்பு மாறாது. தண்ணிக்கு வெசி, "தண்ணியோட"ன்னா வெதென், டேபிள் அங்கயே படுத்துடும். போதாக்குறைக்கு 15ல கடைசி மூணு பேச்சுல வர்றதே அபூர்வம், அதுக்கும் சேர்த்து எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?

ரெண்டாவது, தமிழ் வழியா போறது. இது நிஜமாவே வேலை செய்யும். மரம்ல, மரம்க்குன்னு நாம சொல்றதில்ல, மரத்துன்னு மாத்திட்டுதான் ஒட்டுறோம், அவங்களும் அதேதான். "மினுல்ல ஒன் கொய்ர"ன்னா அப்படியே "என்கிட்ட நாய் இருக்கு". ஆனா கண்ணை மூடிட்டு நம்பினா கவுத்துடும். நமக்கு எல்லா ஊருக்கும் ஒரே "ல"தான், அங்க ஹெல்சிங்கிக்கு உள்ள-வேற்றுமை (ஹெல்சிங்ஙிஸ்ஸ), தம்பெரெக்கு மேல-வேற்றுமை (தம்பெரேல்ல), ஊர் ஊரா மனசுல வச்சுக்க வேண்டியதுதான். "பெரிய வீட்டுல"ன்னா நமக்கு "பெரிய" மாறாது, அவங்களுக்கு அதுவும் சேர்ந்து மாறும்.

மூணாவது, நான் எடுத்த ரூட்: புது வார்த்தை எது வந்தாலும் ஜெனிட்டிவ் (நம்ம "ஓட" வேற்றுமை), பார்ட்டிட்டிவ் (முழுசா இல்லாம ஒரு பகுதின்னு காட்டுற வேற்றுமை) ரெண்டையும் சேர்த்தே படிக்கிறது. வெசி, வெதென், வெத்த. வெதென்ல "ன்"ஐ கழட்டினா வெதெ, அதுல ஸ்ஸ, ஸ்த, ல்ல, ல்த, ல்லெ ஒட்டினா அஞ்சு வேற்றுமை கையில. "உள்ளே போற" வேற்றுமை மட்டும் சில வார்த்தைல ஏமாத்தும், பன்மைக்குத் தனி கூத்து, அது அப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா பார்ட்டிட்டிவ் ஃபார்ம் தெரிஞ்சா மட்டும் போதாதுங்க, எப்போ போடணும்ங்கறதுதான் தலைவலி. மூணு வீடுன்னு எண்ணினாலும் அது, வீட்டைப் பாக்கலன்னு மறுத்தாலும் அதுதான். "லுவென் கிர்யன்"ன்னா புக்கை முழுசா படிச்சுடுவேன், "லுவென் கிர்யா"ன்னா படிச்சிட்டிருக்கேன். நாம முடிச்சோமா இல்லையாங்கறதை வினைல சொல்றோம், அவங்க புக்கு மேலயே ஒட்டிடறாங்க. தமிழ் தெரிஞ்ச மூளை வாக்கியக் கடைசில இருக்கற வினைக்காகக் காத்துட்டிருக்கும், அதனால இங்க எனக்கு இன்னும் தப்பு வருது.