மாடல் ஏ ஃபோர்டு பின் ஹப்: எந்த புல்லர் வாங்குவது?

ஃபோர்டின் பழைய மாடல் ஏ காரில் பின் ஹப்பை (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) ஆக்ஸிலிலிருந்து (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கழற்ற இரண்டு வகை புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) விற்கிறார்கள். ஒன்று விலை மலிவு: ஆக்ஸில் முனையின் மரையில் மாட்டிச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் மூடி. இன்னொன்று, ஹப்பின் வெளிப்புறத்தில் ஃபோர்டே வெட்டி வைத்த பள்ளத்தைக் கவ்வி, நடுவில் உள்ள திருகால் ஆக்ஸிலைத் தள்ளும் வளையப்பிடி. இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். 1928 முதல் 1948 வரை வந்த ஃபோர்டு கார்களுக்கு அந்த ஒன்றே போதும்.

அடிக்கும் வகையை ஒதுக்கக் காரணம் உண்டு. மாடல் ஏயில் ஆக்ஸிலும் அதன் உள்முனைப் பல்சக்கரமும் ஒரே துண்டு. வெளியே விழும் அடி நேராக டிஃபரன்ஷியலுக்குள் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) போய் இறங்கும். முனை மரை நசுங்கினால் நட்டும் சரியாக ஏறாது.

வளையப்பிடியை மாட்டும் முன் பள்ளத்தில் உள்ள துருவையும் பழைய கிரீஸையும் கம்பி பிரஷால் சுத்தமாகச் சுரண்டுங்கள். பிடியின் உதடு பள்ளத்தின் அடிவரை உட்காராவிட்டால் திருகை முறுக்கும்போது நழுவி, பள்ளத்தின் விளிம்பையே உடைத்துவிடும். மலிவான நகல்களின் குறையும் இதுதான். உதடு மெல்லியதாக இருந்தால் வாங்காதீர்கள். திருகின் மரையிலும் நுனியிலும் கிரீஸ் தடவுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஆக்ஸில் நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி விடுங்கள். டேப்பர் (ஆக்ஸிலும் ஹப்பும் இறுகிப் பொருந்தும் கூம்பு வடிவப் பகுதி) விடும்போது வெடிபோன்ற சத்தத்தோடு ஹப் பாயும், நட்டு அதைத் தடுக்கும். திருகை இறுக்கி, அதன் தலையில் அளவாக ஒரு தட்டு. அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, இழுவிசையோடே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நெருப்புக் காட்ட வேண்டாம், உள்ளே பேரிங்கும் கிரீஸ் சீலும் இருக்கின்றன.

கழற்றுவதைவிடத் திரும்ப மாட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவது கீ (ஹப்புக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே பள்ளத்தில் செருகும் சிறு உலோகத் துண்டு) அல்ல, டேப்பரின் பிடிமானம். நட்டு தளர்ந்தால் ஹப் நுண்ணளவில் ஆடும், கீ அறுபடும், கடைசியில் ஆக்ஸில் கீ பள்ளத்தில் விரிசல் விட்டு முறியும். அப்போது சக்கரம், டிரம், அதிலுள்ள பிரேக் எல்லாம் சேர்ந்து போகும்.

எனவே ஆக்ஸிலின் டேப்பரில் நீல மை தடவி, ஹப்பில் எங்கெங்கே தொடுகிறது என்று பாருங்கள். பெரிய முனையில் மட்டும் மை ஒட்டினால், கீ இல்லாமல் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சீராக்கி, துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். கீ பக்கங்களில் இறுக்கமாகவும் மேலே சிறு இடைவெளியோடும் இருக்க வேண்டும். மேலே முட்டினால் ஹப் டேப்பரில் உட்காராது. டேப்பரைக் காய்ந்த நிலையில் மாட்டுங்கள், கிரீஸோ எண்ணெயோ கூடாது. நட்டை 100 முதல் 125 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். காட்டர் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் பிளவு ஊசி) துளை பொருந்தவில்லையா? மேலும் இறுக்குங்கள், ஒருபோதும் பின்னுக்குத் தளர்த்தாதீர்கள். காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். 50 மைல் ஓட்டியதும் நட்டின் இறுக்கத்தை (டார்க்) மீண்டும் சரிபாருங்கள்.

புல்லரோடு சேர்த்து டேப்பர் ஷிம்மும் (ஆக்ஸில் டேப்பருக்கும் ஹப்புக்கும் இடையே வைக்கும் மெல்லிய தகடு) விற்பார்கள். ஹப் தேய்ந்து உள்ளே போய், டிரம் பிரேக்கின் பின்தகட்டில் உரசினாலோ, ஆக்ஸிலின் தோள் ஹப்பின் வெளிமுகத்தைத் தாண்டி நின்று நட்டு அதன்மேலேயே முட்டினாலோ இதைப் போடுவார்கள். ஒன்றுதான் போடலாம், இரண்டை அடுக்கக் கூடாது. வெட்டுப் பகுதி கீ பள்ளத்துக்கு நேரே இருக்க வேண்டும். ஆனாலும் இது தற்காலிக வேலைதான். தேய்ந்த ஹப்புக்கு மாற்று, நல்ல ஹப்தான். ஷிம் வாங்கும் பணத்தை அதற்கே சேமித்து வைக்கலாம்.