வெட்டுவதற்கு முன் எடை போடுங்கள்: 'பழைய செல்லுலாய்டு' ராடில் நான் ஏமாந்த கதை

பேனா கடைபவர்கள், அதிலும் கிட் வாங்கிப் பொருத்தாமல் மூடி, உடல், பிடி எல்லாவற்றையும் ராடிலிருந்தே கடைந்து எடுப்பவர்கள், இதை முழுவதும் படித்துவிடுங்கள். எட்டு ராடு வாங்கினேன். எட்டும் செல்லுலாய்டு, அதாவது பழைய பேனாக்களில் வந்த பிளாஸ்டிக், என்று சொல்லித்தான் விற்றார்கள். அதில் ஐந்து அக்ரிலிக் என்ற வேறு பிளாஸ்டிக். மீதி மூன்று செல்லுலாய்டுதான், ஆனால் 'இருபது வருஷம் உலர்ந்தது' என்று சொன்னது அப்பட்டமான பொய். பணம் திரும்பி வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் இந்த ஏமாற்று எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அவருடைய அப்பா வாழ்நாள் முழுக்க எழுதிய பேனா, தேன் நிறத்தில் கறுப்புக் கோடு ஓடும் செல்லுலாய்டு, மூடி விரிந்து பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்திருந்தது. அதே பொருளில், அதே கோட்டுடன் ஒரு பேனா வேண்டும், அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்றார். அக்ரிலிக்கில் கிட்டத்தட்ட அதே நிறம் கிடைக்கும் என்று சொன்னேன். "இல்லைங்க, அதைத் தொட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்" என்றார். அவர் சொன்னது சரி. செல்லுலாய்டு கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும் விதமே வேறு.

சரி, இந்தப் பொருளுக்கு ஏன் இவ்வளவு விலை? நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பிசைந்து செய்வது இது. 1924இல் ஷீஃபர் கம்பெனி செல்லுலாய்டில் பேனா கொண்டுவந்த பிறகுதான் அதுவரை பெரும்பாலும் கறுப்பு எபோனைட்டாக (கெட்டி ரப்பர்) இருந்த பேனாக்களுக்கு வண்ணம் வந்தது. எளிதில் தீப்பிடிக்கும், செய்யவும் உலரவைக்கவும் காலம் பிடிக்கும் என்பதால் பிற்பாடு அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் வந்ததும் பெரிய கம்பெனிகள் இதைக் கைவிட்டன. இத்தாலியின் ஓமாஸ் 2016இல் மூடப்பட்டதிலிருந்து, 'மூடிய கம்பெனியின் கையிருப்பு' என்று யாராவது சொன்னாலே நம் ஆட்கள் விலை பேசாமல் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

முதலில் ஒரே ஒரு ராடு வாங்கிப் பார்த்தேன். அது அசல், நன்றாக உலர்ந்தது, எந்தக் குறையும் சொல்ல முடியாது. லேத்தில் மாட்டி முதல் சீவல் எடுத்ததும் பட்டறை முழுக்கக் கற்பூரம் மணத்தது. அந்த ஒரு ராடு எனக்குக் கொடுத்த நம்பிக்கையில்தான் எட்டு ராடுக்குப் பணம் அனுப்பினேன், அதுவும் முழுப் பணம், முன்கூட்டியே. கேட்டபோது ஒரு வீடியோவும் அனுப்பினார்கள். ராடின் நுனியில் அசிட்டோன் விட்டுத் துணியால் துடைக்கிறார், துணியில் தேன் நிறம் ஏறுகிறது. "பாருங்க சார், செல்லுலாய்டு கரையுது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். அசிட்டோன் அக்ரிலிக்கையும் கரைக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, அந்த நேரத்தில் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்ற அவசரத்தில் யோசிக்கவில்லை.

பார்சல் வந்தது. எட்டு ராடையும் ஒரே கட்டாக பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பிரித்ததும் கற்பூர வாசனை குப்பென்று வந்தது. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன், எட்டிலும் இருந்தது. இங்கேதான் விழுந்தேன். மூன்று அசல் ராடோடு ஐந்து போலியை ஒன்றாகக் கட்டிச் சில நாள் வைத்தால் கற்பூரம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். மேல் வாசனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டேன். செல்லுலாய்டு ராடு போக்குவரத்து விதிகளின்படி தீப்பற்றும் திடப்பொருள், யூஎன் 2000 என்ற எண்ணில் வரும், அதற்கென்று தனி லேபிளும் கட்டுமுறையும் உண்டு. என் பார்சலில் வெறுமனே 'பிளாஸ்டிக் கம்பி' என்று எழுதியிருந்தது. அசலை விற்பவர்களும் சிலர் இப்படிப் பொய்யாக எழுதி அனுப்புவதுண்டு என்பதால் இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இருப்பதிலேயே கோடு அழகாக ஓடிய ராடை எடுத்து லேத்தில் மாட்டினேன். செல்லுலாய்டு என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், வேகத்தைக் குறைத்து, சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை துரப்பணத்தை வெளியே இழுத்துச் சூடு ஆறவிட்டு, சீவலை உடனுக்குடன் கூட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டு இருந்தேன். நாலாவது முறை இழுத்தபோது மூக்கில் ஏறியது கற்பூரம் இல்லை. பல்செட் செய்யும் இடத்தில் வருமே, காரமும் இனிப்பும் கலந்த அந்த நெடி. பல்செட்டும் அக்ரிலிக்தான். துரப்பணத்தின் பள்ளத்தில் வெள்ளையாக உருகி ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு லேத்தை நிறுத்தினேன்.

அன்று இரவே விற்றவருக்கு எழுதினேன். பதில் ஒரே வரி: "வெட்டின ராடு ரிட்டர்ன் கிடையாது சார், பில்லிலேயே போட்டிருக்கோம்." போட்டுத்தான் இருந்தார்கள். ஏமாற்றே இதற்குள்தான் இருக்கிறது. வெட்டினால்தான் உள்ளே என்ன என்று தெரியும், வெட்டிவிட்டால் திருப்பித் தர முடியாது. வெட்டாத ஏழில் எவை போலி என்று நான் கேட்டதற்கு, "மத்தது எல்லாம் அசல்தான், ஒண்ணு தவறிக் கலந்திருக்கும்" என்றார். அதற்கப்புறம் பதில் நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில்தான் எடை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அசல் செல்லுலாய்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.35 முதல் 1.4 கிராம் வரை இருக்கும், அக்ரிலிக் 1.18தான். என் ராடுகள் 16 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளம், அதாவது கனஅளவு 30 கன சென்டிமீட்டரும் கொஞ்சமும். அசல் என்றால் 41, 42 கிராம் இருக்க வேண்டும், அக்ரிலிக் என்றால் 36ஐத் தொடாது. வெர்னியரால் அளந்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்று ராடு 41ஐத் தாண்டின. நான்கு 35.6ஐ ஒட்டியே நின்றன. வெட்டியது அந்த நான்கோடு சேர்த்து ஐந்தாவது. ஒரு கீறல்கூட விழாமல், ஐந்து நிமிடத்தில், பார்சலைப் பிரித்த கையோடு தெரிந்துகொண்டிருக்கக் கூடிய விஷயம் இது. ராடு சீரான உருளையாக இல்லாவிட்டால் அளக்கும் குழாயில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக் கனஅளவை எடுத்துக்கொள்ளலாம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அசலாக இருந்தால் கையிலேயே பற்றிக்கொள்ளும்.

மூன்று ராடாவது அசலாக இருக்கிறதே என்று ஆறுதல்பட்டேன். அதிலும் ஒரு கோளாறு. செல்லுலாய்டைச் செய்யும்போது சேர்க்கும் ஆல்கஹால் உள்ளேயிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியேறும், ராடு தடிமனாக இருந்தால் மாதக்கணக்கு, சில சமயம் அதற்கும் மேல். அது போகும்வரை பொருள் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு அப்படியே அலமாரியில் வைத்தேன். ஆறு வாரம் கழித்து அளந்தால் 11.8. இதில் அவசரப்பட்டு மரை வெட்டி மூடி செய்து கொடுத்திருந்தால், இரண்டு மாதத்தில் அந்தப் பெரியவர் மூடியைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். இருபது வருஷம் உலர்ந்த ராடு ஆறு வாரத்தில் இப்படிச் சுருங்காது. முதலில் வந்த அந்த ஒற்றை ராடை மட்டும் எங்கிருந்தோ பொறுக்கி எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

செல்லுலாய்டில் மட்டும் நடப்பது இல்லை இது. எபோனைட் என்று வருவதைக் கடையும்போது கந்தகம் நாறவில்லை என்றால் அது ரப்பரே இல்லை, கேசீன் (பால் புரதத்தில் செய்யும் பிளாஸ்டிக்) என்று வருவது பால் கருகிய வாடை தர வேண்டும். ஆப்பிரிக்கக் கருமரம் தண்ணீரில் மூழ்கும், சாயம் ஏற்றிய சாதாரண மரம் பெரும்பாலும் மிதக்கும். ரோஸ்வுட் பேரினம் (டால்பெர்ஜியா) முழுவதும் 2017இலிருந்து, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது, காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வரும் துண்டு உங்களையும் மாட்டிவிடும். மாமத் தந்தம் என்று விற்பதை நான் தொடுவதே இல்லை. அதன் குறுக்கு வெட்டில் ஓரமாகப் பின்னும் கோடுகள் 90 பாகைக்குக் குறைவாகச் சந்திக்க வேண்டும், 115க்கு மேல் விரிந்தால் அது யானை. துளை போட்டு மெருகேற்றிய துண்டில் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு மனசு இல்லை.

இப்போது நான் எந்த ராடு வாங்கினாலும் பணம் கட்டும் முன்பே விட்டம், நீளம், எடை மூன்றையும் தராசு தெரியும் படத்தோடு கேட்டு வாங்குகிறேன். எடை பொருந்தாவிட்டால் வெட்டாமலே திருப்பி அனுப்புவேன் என்று எழுத்தில் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டதும் இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் கேட்ட அன்றே நான்கு படம் அனுப்பினார், அவரிடம்தான் இப்போது வாங்குகிறேன்.

அந்தப் பெண்மணியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அப்பாவுக்கு அவசரம் இல்லை, உலரட்டும்" என்றார். மூன்று ராடையும் ஒரே அளவுக்குத் துளைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் எடை போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். போன மாதம் ஒன்று 0.1 கிராம் குறைந்தது, மற்ற இரண்டும் இன்னும் அதிகமாக. தொடர்ந்து மூன்று மாதம் எடை மாறாமல் நின்றால் மரை வெட்டுவேன்.