எந்த மெஷின் என்று சொல்கிறது, எந்த நாள் என்று சொல்வதில்லை

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க ஆபீஸ்ல எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு நெட் இழுக்குதுன்னு பார்க்க என்ன வெச்சிருக்கீங்க? எங்களுக்கு மாசம் இருபது தேதிக்கே டேட்டா தீர்ந்துடுது. அப்புறம் மெயில் திறக்கவே திணறுது." ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஓடிவிட்டது. பாதி நேரம் புகழ்ந்திருக்கிறேன், பாதி நேரம் கோபப்பட்டிருக்கிறேன்.

எங்களிடம் 11 கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், ஒரு பேக்கப் சர்வர். ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) ஓடுகிறது, ரவுட்டருக்கான லினக்ஸ் இயங்குதளம் அது. அதன் மேல் எந்த மெஷின் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று எண்ணும் என்எல்பிடபிள்யூமான் (nlbwmon) என்ற சின்ன மென்பொருள். மூன்று வருடமாக இதுதான் எங்கள் டேட்டா கணக்குப்பிள்ளை.

இதற்கு முன்னால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக மீட்டர் போட்டுப் பார்த்தோம். அதில் அக்கவுண்ட்ஸ் மெஷின்தான் எப்போதும் முதலிடம். விசாரித்தால், அது தினமும் ராத்திரி பேக்கப் சர்வருக்கு எல்லா ஃபைலையும் காப்பி செய்கிறது. வெளியே ஒரு பைட்கூடப் போகவில்லை. ஆனாலும் நெட்வொர்க் கார்டு வழியாகப் போனதால் மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிவிட்டது. நெட்வொர்க்ஸ் (NetWorx) மாதிரி சில மீட்டர் மென்பொருள்களில் உள்ளூர் போக்குவரத்தை விட்டுவிடச் சொல்லும் வசதி உண்டு. அதைப் பதினோரு இடத்திலும் சரியாக வைத்து, யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. ரவுட்டரில் எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. பேக்கப் போக்குவரத்து ஆபீஸ் மெஷின்களை இணைக்கும் ஸ்விட்சோடு முடிந்துவிடும். வாசலைத் தாண்டுவது மட்டும்தான் கணக்கில் வரும்.

வேலை செய்யும் விதமும் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை பைட் போனது, வந்தது என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தானே குறித்து வைக்கிறது. இது முப்பது விநாடிக்கு ஒரு தடவை அதைப் படித்து, மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) வாரியாகக் கூட்டி வைக்கிறது. டேட்டா துண்டுகளான பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால் பழைய ரவுட்டருக்கும் பாரம் தெரியவில்லை. யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று அதற்குத் தெரியாது. அது எனக்குத் தேவையும் இல்லை, தெரிந்துகொள்ள உரிமையும் இல்லை. கணக்கு எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். எங்கள் பில் தேதியையே வைத்திருக்கிறேன்.

முதல் மாதமே இரண்டு விஷயம் பிடிபட்டது. பட்டியலில் ஒரே ஒரு முகவரி மொத்தத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. தேடிப் போனால் மீட்டிங் ரூம் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய வைஃபை ரவுட்டர். வைஃபையை மட்டும் கொடுக்கும் வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக இல்லாமல் முழு ரவுட்டராகவே ஓடிக்கொண்டிருந்ததால், அதன் பின்னால் இருந்த எல்லா லேப்டாப்பும் போனும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிந்தன. அதை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றியதும் பட்டியல் நீண்டது, உண்மை தெரிந்தது. அடுத்தது, விண்டோஸ் அப்டேட் வரும் நாளில் 11 மெஷினும் ஒரே ஃபைலை 11 தடவை இறக்கிக்கொண்டிருந்தன. ஒன்று இறக்கியதை மற்றவை ஆபீஸுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதியை யாரோ எப்போதோ அணைத்து வைத்திருந்தார்கள். அதைத் திரும்பப் போட்டோம். அடுத்த மாதம் டேட்டா கடைசி நாள் வரை வந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் யார் கேட்டாலும் இதைத்தான் போடச் சொல்லியிருப்பேன்.

இப்போது என் கோபம். இது எந்த மெஷின் என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லும். எந்த நாள் என்று சொல்லாது. மாதம் முழுக்க ஒரே கூட்டுத்தொகைதான்.

ஒரு மாதம் டிசைனரின் கம்ப்யூட்டருக்கு நேரே அப்லோட் பத்தியில் 140 ஜிபி நின்றது. சாதாரணமாக அது 10 ஜிபியைத் தாண்டாது. டேட்டா தீர்ந்து எல்லோரும் எரிச்சலில் இருந்த நேரம். நான் அந்தப் பக்கத்தைத் திறந்த லேப்டாப்போடு அவர் மேசைக்கே போய், நாலு பேர் முன்னால், "இது என்னன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இந்த மாசம் ரெண்டு வாரம் நான் லீவு. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க" என்றார்.

அப்புறம்தான் அவர் மெஷினில் விண்டோஸ் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்தோம். கடைசி 30 நாளில் எந்த மென்பொருள் எவ்வளவு எடுத்தது என்று அங்கே வரும். பெரும்பங்கு ஃபைல்களை கிளவுடில் ஏற்றும் சிங்க் மென்பொருளுடையது. அவர் லீவுக்கு முந்தின நாள் வைத்த ஒரு 6 ஜிபி வீடியோ ஏறி முடியும் நேரத்தில் ஒவ்வொரு தடவையும் அறுந்துபோய், முதலிலிருந்து திரும்ப ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் இருபது தடவைக்கு மேல்.

தினசரிக் கணக்கு இருந்திருந்தால் லீவு நாட்களில்தான் ஏறியது என்று முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். நான் அவர் மேசைக்குப் போயிருக்கவே மாட்டேன். நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னார்.

நியாயமாகப் பார்த்தால், குறைந்த இடத்தில் ஓட வேண்டும் என்று எழுதப்பட்ட மென்பொருள் இது. மணிக்கணக்கில் பதிவு வைத்தால் சின்ன ரவுட்டர் தாங்காது. தானாக விட்டால் கணக்கை ரேமில்தான் வைக்கும், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. நான் ஒரு பென் டிரைவ் செருகி டேட்டாபேஸ் இருக்கும் இடத்தை அதற்கு மாற்றியிருக்கிறேன். கணக்குக் காலத்தையே ஒரு நாளாகக் குறைக்கலாம். ஆனால் அப்போது மாத மொத்தத்தை நாம் உட்கார்ந்து கூட்ட வேண்டும். கடைசியில் நான் செய்தது: தினமும் நள்ளிரவில் அன்றைய நிலவரத்தை சிஎஸ்வி ஃபைலாக (எக்செலில் திறக்கும் பட்டியல்) எழுதிவைக்க, குறித்த நேரத்தில் தானே வேலையை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டேன். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் அந்த நாள் கணக்கு. இதைச் செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை முதல் வாரமே செலவழித்திருக்க வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள் நண்பரிடம் சொன்னேன். ரவுட்டரில் வேகத்துக்காக, போக்குவரத்தைச் சிப்பே நேராகக் கடத்தும் ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோட் போட்டிருந்தால் பாக்கெட்டுகள் கெர்னல் பக்கம் வராமலே போய்விடும், கணக்கு குறைவாகக் காட்டும், அணைத்துவிட வேண்டும். போன்கள் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் வைஃபைக்குப் பொய் மேக் முகவரி கொடுக்கின்றன, பட்டியலில் எது யார் போன் என்று குழம்பும். ஆபீஸ் வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்தச் சொல்லலாம். நெட் கொடுக்கிறவர் காட்டும் எண்ணும் நம் எண்ணும் அப்படியே ஒத்துப்போகாது. அதே பைட்டுகளை 1000-த்தால் வகுத்துக்கொண்டே போனால் 1000 ஜிபி, 1024-ஆல் வகுத்தால் 931. இரண்டுக்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறார்கள். இதற்காக நான் ஒரு மாலை முழுக்க அவர்களோடு போனில் வாதாடியிருக்கிறேன்.

"சரி, கடைசியா என்ன சொல்றீங்க, போடலாமா?" என்றார். போடாதீங்க என்றேன். அவருக்கு ஆச்சரியம், இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு. எங்கள் ரவுட்டரிலிருந்து இதை எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் மாத மொத்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் இன்னொருத்தர் மேசைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கிரான் வரியை முதல் நாளே போடுவேன் என்று உறுதி சொன்னால் நானே வந்து நிறுவித் தருகிறேன் என்றேன்.

எங்கள் டிசைனர் நேற்று மூன்று நாள் லீவில் போனார். தேவையில்லை என்று பல தடவை சொல்லிவிட்டேன். ஆனாலும் கம்ப்யூட்டரை அணைத்து, நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி மேசை மேல் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.