‘அன்லிமிடெட் மினிட்ஸ்’ இருந்தும் 87 பவுண்ட் போனது: இங்கிலாந்தில் இருப்பவர்கள் 087 எண்களிடம் ஜாக்கிரதை

பில் வந்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் வயிறு எரிகிறது. 87 பவுண்ட் 15 பென்ஸ். ஒரு வாஷிங் மெஷினுக்காக இரண்டு முறை போன் செய்ததற்கு. மெஷினைச் சரிசெய்ய ஒரு பென்ஸ் ஆகவில்லை, அது வாரண்டியில் முடிந்தது. போன் செய்ததற்கு மட்டும் 87 பவுண்ட் 15 பென்ஸ். எங்கள் வீட்டின் ஒரு வார மளிகைச் செலவு அது. நம் ஊர்க் காசில் பத்தாயிரத்துக்குப் பக்கம் வரும்.

வேலைக்கும் படிப்புக்கும் நம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பலருக்கு இந்த ஊர் எண்களின் கணக்குத் தெரியாது. நாலு வருஷம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு அன்று நைட் ஷிஃப்ட். மத்தியானம் மெஷினில் போட்ட துணி பாதியில் நின்றுவிட்டது. கதவு பூட்டிக்கொண்டு திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே சோப்புத் தண்ணீர் முக்கால் உயரத்துக்கு நிற்கிறது, அதற்குள் என் இரண்டு யூனிஃபார்மும் கிடக்கின்றன. கீழே ரப்பர் வளையத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சமையலறைத் தரையெல்லாம் ஈரம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பையனை நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, ஒரு காலால் துண்டைத் தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டே போனில் அந்த மெஷின் கம்பெனியின் பெயரையும் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்றும் போட்டுத் தேடினேன்.

முதலில் வந்தது ஒரு பக்கம். மேலே கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில். அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தான், ‘இப்போதே அழைக்கவும்’. அழுத்தினேன்.

இனி வருவதுதான் நான் ஏமாந்த இடம். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

ஒரு ரெக்கார்டிங் குரல் வேகமாக ஏதோ சொன்னது. அதில் ‘நிமிடத்துக்கு 13 பென்ஸ்’ என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்குப் பின்னால் ‘அதோடு உங்கள் நெட்வொர்க்கின் அக்சஸ் சார்ஜ்’ என்று ஒரு வால். அது எவ்வளவு என்று சொல்லவில்லை. 13 பென்ஸ்தானே, பத்து நிமிடம் பேசினாலும் ஒன்றரைப் பவுண்டைத் தாண்டாது என்று மனதில் கணக்குப் போட்டேன். மேலும் என்னுடையது அன்லிமிடெட் மினிட்ஸ் பிளான். நெட்வொர்க் சார்ஜ் என்றால் அது அந்தப் பிளானுக்குள்ளேயே வந்துவிடும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அப்புறம் எண் ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். மணி அடித்தது. பாட்டு ஓடியது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்றார்கள். நானும் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டுத் தண்ணீரைத் துடைத்தேன், பையனுக்குச் சோறு ஊட்டினேன், அவன் தட்டைக் கழுவினேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தார். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் எடுத்தார். மாடல் எண் கேட்டார், என் முகவரியைச் சரிபார்த்தார், வாங்கிய தேதி அவருடைய திரையில் இருந்தது. வியாழக்கிழமை இன்ஜினியர் வருவார் என்றார். இதற்கு மேல் எதைச் சந்தேகப்படுவது? நான் பேசியது நிஜமான கம்பெனியுடன்தான். அந்த அழைப்பைக் கம்பெனிக்கு இணைத்துவிட்டுக் காசு பார்க்கும் ஒருவன் நடுவில் உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. 61 நிமிடம்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். போனில் பழைய அழைப்பு வரிசையில் இருந்த அதே எண்ணையே தொட்டேன், வேறு எதைத் தொடுவேன்? மறுபடி பாட்டு, மறுபடி ஒரு தேதி. 44 நிமிடம். சனிக்கிழமை ஆள் வந்து பம்பை மாற்றிவிட்டுப் போனார், நல்ல மனிதர். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

பில் வந்தபோது வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். “வெளிநாட்டுக்கு ஏதாவது பேசினியா?” என்று கேட்டார். பார்த்தால், 0871-ல் தொடங்கும் ஓர் எண்ணுக்கு இரண்டு அழைப்பு. ஒன்று 50 பவுண்ட் 63 பென்ஸ், இன்னொன்று 36 பவுண்ட் 52 பென்ஸ்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 105 நிமிடம். குரல் சொன்ன அந்த 13 பென்ஸ்படி ஆனது 13 பவுண்ட் 65 பென்ஸ். மீதி 73 பவுண்ட் 50 பென்ஸ் அக்சஸ் சார்ஜ், நிமிடத்துக்கு 70 பென்ஸ் வீதம். அதை எடுத்துக்கொண்டது நான் மாதாமாதம் பணம் கட்டும் என் சொந்த நெட்வொர்க். அழைப்பின் தொடக்கத்தில் சின்னத் தொகையைச் சொன்னார்கள், பெரிய தொகையைச் சொல்லவே இல்லை. எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

நெட்வொர்க்கைக் கூப்பிட்டேன். “அழைப்பு உங்கள் போனிலிருந்துதான் போயிருக்கிறது மேடம். 087 எண்கள் அன்லிமிடெட்டில் சேராது. விலைப் பட்டியலில் இருக்கிறது.” எந்தப் பட்டியல்? இணையதளத்தில் பல பக்கம் நீளும் ஒரு கோப்பு. பிளான் விற்கும்போது அதை யார் காட்டினார்கள்? எண்ணை நடத்துகிறவர்களிடம் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த எண் யாருடையது என்று தேடிப் பிடித்து மெயில் அனுப்பினேன். போனில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தவர்களுக்கு, பதில் எழுத இரண்டு வரிதான் கிடைத்தது. அழைப்பின் தொடக்கத்திலேயே விலை அறிவிக்கப்பட்டதாம், நாங்கள் மெஷின் கம்பெனி இல்லை என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறோமாம். போய்ப் பார்த்தேன். இருக்கிறது. பச்சைப் பொத்தானுக்கு மிகவும் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்தில், விரலால் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற அளவில். தண்ணீரில் நின்றுகொண்டு தேடுகிறவர் அதுவரை இறங்கிப் படிப்பாரா?

மெஷின் கம்பெனியையும் கேட்டேன். “அது எங்கள் எண் இல்லை. எங்கள் எண் 03-ல் தொடங்கும், வாரண்டி அட்டையில் இருக்கிறது.” சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். கேரி பேக்குகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அந்த அட்டை. பின்பக்கம் 03 எண். அதற்குப் பேசியிருந்தால் என் பிளானில் ஒரு பென்ஸ்கூடக் கூடுதல் ஆகியிருக்காது.

மறுபடி நெட்வொர்க். இந்த முறை சாட்டில். மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள், மூன்று பேரிடமும் முதலிலிருந்து சொன்னேன். கடைசி ஆள் ‘நல்லெண்ண அடிப்படையில்’ 5 பவுண்ட் கழித்துத் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாமா என்றார். 87 பவுண்டுக்கு 5 பவுண்ட். முடியாது என்று எழுதினேன்.

கீழ் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். அவரிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “087, 09 எண்டா தொடவே கூடாது, பிள்ளை. எங்கட ஆக்கள் எத்தினை பேர் காசு விட்டிருக்கினம்” என்றார். இதை யாராவது விமான நிலையத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூக்கம் வராமல் சட்டத்தையெல்லாம் படித்தேன். இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1986-லிருந்தே இந்த மாதிரி அதிகக் கட்டண எண்களைக் கண்காணிக்க ஓர் அமைப்பு இருந்திருக்கிறது. முதலில் இக்ஸ்டிஸ், 2007-ல் போன்பே-பிளஸ், 2016-ல் போன்-பெய்ட் சர்வீசஸ் அத்தாரிட்டி என்று பெயர் மாறி, 2025 பிப்ரவரி 1 முதல் இந்த நாட்டின் தொலைத்தொடர்பு, ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமே நேரடியாக எடுத்துக்கொண்டது. கண்டிப்பு காட்டத் தெரியாதவர்களும் இல்லை. டிவி போட்டிகளில் வெற்றியாளர் பட்டியலை முன்னதாகவே முடித்துவிட்டு நேயர்களிடம் போன் காசு வாங்கிக்கொண்டிருந்த விவகாரத்தில், 2007-ல் ஜிஎம்டிவிக்கு 20 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது இதே ஆஃப்காம்தான்.

எண்களுக்கு உச்சவரம்பும் உண்டு. 084 என்றால் நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரை, 087 என்றால் 13 பென்ஸ் வரை. 09 என்றால் நிமிடத்துக்கு 3 பவுண்ட் 60 பென்ஸ் அல்லது ஓர் அழைப்புக்கு 6 பவுண்ட் வரை. போன் எண் விசாரிக்கும் 118 எண்களுக்கு 2019 ஏப்ரல் முதல் 90 நொடிக்கு 3 பவுண்ட் 65 பென்ஸ் என்று வரம்பு வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் எண்ணை நடத்துகிறவர்களுக்குப் போகும் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற பாதிக்கு மட்டும். 2015 ஜூலை 1 முதல் கட்டணத்தை இரண்டாகப் பிரித்தார்கள், மக்களுக்குத் தெளிவாகப் புரியட்டும் என்று. மற்ற பாதியான அக்சஸ் சார்ஜுக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு பிளானுக்கு ஒரே அக்சஸ் சார்ஜ்தான் இருக்க வேண்டும், அதை வெளியிட வேண்டும், அவ்வளவுதான். என் 87 பவுண்டில் 73 பவுண்ட் 50 பென்ஸ் போனது அந்த ஓட்டை வழியாகத்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. என் அக்சஸ் சார்ஜ் எவ்வளவு என்று என் நெட்வொர்க்குக்குத் தெரியும். நான் எந்த எண்ணைக் கூப்பிடுகிறேன் என்றும் தெரியும். மணி அடிப்பதற்கு முன்னால் ‘இந்த அழைப்பு உங்களுக்கு நிமிடத்துக்கு 83 பென்ஸ்’ என்று ஒரே வரியில் முழுத் தொகையைச் சொல்ல வைக்க வேண்டும். 83 என்று கேட்டிருந்தால் அந்த நொடியே வைத்திருப்பேன். இப்படி இன்னொரு நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்துக் காசு பார்க்கும் எண்களில், இணைத்து முடித்ததும் மீட்டர் நிற்க வேண்டும். அவர்கள் செய்த வேலை ஒரு நிமிடம். மீதி 104 நிமிடம் நான் வேறொருவர் வரிசையில் காத்துக்கிடந்தேன், அதற்கும் இவர்களுக்கு எதற்குக் காசு?

ஆஃப்காமுக்கும் எழுதிவிட்டேன். தனி நபர் பிரச்சினையில் அவர்கள் தலையிட மாட்டார்கள், ஆனால் புகார்கள் சேர்ந்தால் விசாரிப்பார்கள். அதனால் உங்களுக்கு நடந்திருந்தாலும் எழுதுங்கள்.

என்ன செய்வது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தேடலில் முதலில் வரும் எண்ணைத் தொடாதீர்கள். எண்ணை வாரண்டி அட்டை, பில், கம்பெனியின் சொந்தத் தளம் இவற்றில் மட்டும் பாருங்கள். 03 என்றால் சாதாரண எண்ணுக்குப் பேசுகிற மாதிரி, பிளானுக்குள் வரும். 0800 மொபைலிலிருந்தும் இலவசம். 084, 087, 09, 118 என்றால் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிய பொருளைப் பற்றிப் பேச ஒரு கடை இந்த மாதிரி அதிகக் கட்டண எண் வைக்கக் கூடாது என்று 2014 ஜூனிலிருந்தே விதி இருக்கிறது, அதனால் அப்படி ஓர் எண் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கடையின் எண்ணாக இருக்காது.

இன்றைக்கே நெட்வொர்க்கைக் கூப்பிட்டு பில் லிமிட் வைக்கச் சொல்லுங்கள். 2018 அக்டோபருக்குப் பிறகு எடுத்த பிளானுக்கு அந்த வசதி கொடுத்தே ஆக வேண்டும். அம்மா அப்பா விசிட்டுக்கு வந்திருந்தால் அவர்கள் போனிலும் வையுங்கள். பழைய அழைப்பு வரிசையில் இந்த மாதிரி எண் இருந்தால் அழித்துவிடுங்கள், நான் இரண்டாவது முறை மாட்டியது அதனால்தான்.

ஏற்கெனவே காசு போயிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் எழுத்தில் புகார் கொடுத்து, முடியாது என்றால் ‘டெட்லாக் கடிதம்’, அதாவது இதற்கு மேல் எங்களால் தீர்க்க முடியாது என்று அவர்களே எழுதித் தரும் கடிதம், தரச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் நேராக ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இந்தப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுநிலை அமைப்பிடம், போகலாம். நான் நேற்றுக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. 5 பவுண்ட், 10 பவுண்ட் தருகிறோம் என்றால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள், அதோடு புகாரை மூடிவிடுவார்கள்.